ஒரு பாகம் ஆழம்

கிள்ளான் துறைமுகத்துக்கு மேற்கே, மலாக்கா நீரிணையின் நடுவில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைப் பெர்மாத்தாங் செடெப்பா என்கிறார்கள். ஆங்கிலக் கடல் வரைபடங்களில் அதன் பெயர் ஒன் ஃபேதம் பேங்க். டெப்பா என்பது இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு கையின் விரல்நுனியிலிருந்து மறு கையின் விரல்நுனி வரை உள்ள நீளம். ஆங்கிலேயரின் ஃபேதமும் அதே கைவிரிப்பில் பிறந்த அளவுதான், ஆறடி. தமிழ் மீனவர்கள் அதைப் பாகம் என்பார்கள். மூன்று மொழிகளும் கடலை அளக்க எடுத்துக்கொண்டது ஒரே உடம்பைத்தான்.

அந்தத் திட்டின் மேல் ஒரு காலத்தில் யாரோ கயிறு விட்டுப் பார்த்து, இழுத்து, கையை விரித்து, "ஒரு பாகம்தான்" என்று கத்தியிருக்க வேண்டும். அந்தக் கத்தல் கடலுக்குப் பெயராகிவிட்டது. கத்தியவன் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

நான் இந்தப் பெயரிடம் வந்து சேர்ந்தது வேறு வழியாக. என் பெரியம்மா மகன் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், இப்போது தாமான் வீட்டில் இருக்கிறார். வாரக் கடைசியில் தூண்டிலோடு கிளம்பிவிடுகிற ஆள். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கிவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, ஜிபிஎஸ்ஸும் சோனாரும் ஒண்ணா இருக்கிற மிஷின் எது எடுக்கலாம்? நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே, படிச்சுச் சொல்லு." விலைப்பட்டியலில் தொடங்கிய தேடல் என்னை இருநூற்றுச் சொச்சம் வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ஆழத்தை அளந்தவன் ஒருவன், அதை எழுதி வைத்துக்கொண்டவன் வேறொருவன். படித்ததெல்லாம் இந்த ஓரிடத்தில் வந்து நின்றது. மிஷின் வாங்கும்போதும் கேட்கவேண்டிய கேள்வி இதற்குள்ளேதான் இருக்கிறது.

ஈயக்குண்டும் கொழுப்பும்

சோனார் வருவதற்கு முன் கடலின் ஆழம் பார்த்தது ஈயக்குண்டுதான். ஏழு பவுண்டிலிருந்து பதினான்கு பவுண்டு வரை எடையுள்ள குண்டு, அதில் நீளக் கயிறு. கயிற்றில் இரண்டு பாகத்தில் இரண்டு தோல்வார், மூன்றில் மூன்று தோல்வார், ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி, பத்தில் ஓட்டை போட்ட தோல். துணியின் ரகமும் மாறும். இருட்டில் கையால் தடவிப் பார்த்தே எத்தனை பாகம் என்று சொல்லிவிடலாம்.

குண்டின் அடியில் ஒரு குழி. அதில் விலங்குக் கொழுப்பை அப்பிவிடுவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் அங்கே இருப்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். சேறா, மணலா, சிப்பியா என்று பார்த்து எழுதுவார்கள். பழைய வரைபடங்களில் ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் சேற்றுக்கும் மணலுக்கும் தனித்தனி எழுத்துக் குறிகள் இருப்பது இதனால்தான்.

ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே ஓடிய கப்பல்களில் மாலுமிகள் பெரும்பாலும் லஸ்கர்கள். அவர்களுக்கு மேலே தண்டல், தண்டலுக்கு மேலே சாரங். தண்டல் என்ற சொல் தென்னிந்தியக் கரையிலிருந்து ஏறியது. ஆங்கிலேயர் வாயில் அது டிண்டல் ஆனது. பிறகு அதே சொல் கரையேறி, ரோடு போடுகிற கூலிக் கூட்டத்தின் தலைவனுக்கும் பெயரானது. கப்பலில் கயிறு இழுத்தவர்களை மேய்த்த சொல்லும் தரையில் மண் வெட்டியவர்களை மேய்த்த சொல்லும் ஒன்றே.

அவர்கள் சொன்ன எண்களை எழுதித் தொகுத்தவர்களுக்குப் பெயர் உண்டு. ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786ல் அட்லஸ் என்ற கப்பலில் போனபோது, தவறான வரைபடத்தால் அது டீகோ கார்சியா தீவில் மோதி உடைந்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஆழ எண்களைச் சேர்த்தார். 1810ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட அதிகாரி ஆனார். அவர் தொகுத்த வழிகாட்டிநூல் மலாக்கா நீரிணைக்குள் நுழைந்த கப்பல் தலைவர்களுக்கு வேதம் மாதிரி. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் 1851ல் ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மரியாதை தகுதியானதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நனைந்த கயிற்றைப் பிடித்த ஒரு கை இருந்தது.

தமிழருக்குச் சொந்தக் கப்பலே இல்லாமல் இல்லை. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைக் கரைகளிலிருந்து மரைக்காயர் கப்பல்கள் கெடாவுக்கும் பினாங்குக்கும் ஓடின. 1836 வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கோலன்சோ என்ற மிஷனரி ஒரு வெண்கல மணியின் உடைந்த பாகத்தைப் பார்த்தார். மவோரி மக்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். அதன் விளிம்பில் தமிழ் எழுத்து: இது மொகைதீன் பக்ஷின் கப்பல் மணி என்று. கப்பலுக்குச் சொந்தக்காரர் பெயர் மணியில் தப்பிப் பிழைத்துவிட்டது. அந்தக் கப்பலின் தண்டல் இந்த நீரிணையில் எந்தத் திட்டுக்கு என்ன பெயர் சொன்னார் என்பது அவரோடு போய்விட்டது.

மலைமேல் இருந்து பார்த்தவர்கள்

கோலசிலாங்கூர் ஊரில் புக்கிட் மலாவத்தி என்று ஒரு சின்ன மலை. தட்டையான சேற்றுக்கரையில் அது ஒன்றுதான் எழுந்து நிற்கிறது. ஆற்றின் வாயையும் நீரிணையையும் ஒரே பார்வையில் அளந்துவிடலாம் என்பதால் எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. 1784ல் டச்சுக்காரர்கள் சுல்தான் இப்ராஹிமிடமிருந்து கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்து ஆல்டிங்ஸ்பர்க் என்றார்கள். அடுத்த வருஷமே சுல்தான் திருப்பிப் பிடித்தார். 1871ல் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து குண்டு போட்டது. 1907ல் மலை உச்சியில் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அதற்கு மறுபடியும் அந்த டச்சுக்காரர் பெயர். அதே 1907ல்தான் ஒன் ஃபேதம் திட்டின் மேல் 1874லிருந்து நின்ற பழைய விளக்குக்குப் பதிலாகப் புதியதும் வந்தது.

இரண்டு விளக்கும் யாருக்காக எரிந்தன? பெரிய கப்பல்களுக்காக. அந்தக் கப்பல்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். 1926ல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜுலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் மேல்தளப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பினாங்கு வரும். பினாங்கிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் போகிற கப்பல் கோலசிலாங்கூர் கரையைத் தாண்டித்தான் போகவேண்டும். பாய் விரித்துப் படுத்திருந்தவர்களில் யாராவது அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கலாம். அடியில் எத்தனை பாகம் தண்ணி என்பது அவர்களுக்குத் தேவைப்படாத விஷயம். அந்தக் கணக்கு மேலே மாலுமி அறையில் இருந்தது.

இறங்கியதும் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்கள். நிலத்தில் தமிழ் ஒட்டிக்கொண்டது. 1917ல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட இடம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை இப்போது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, தென்னமரம் என்ற பெயர் அப்படியே இருக்கிறது. கடலில் அப்படி ஒரு தமிழ்ப்பெயரும் ஒட்டவில்லை.

ஆனாலும் கடலோரத் தோட்டத்துக்காரர்களுக்குக் கடல் தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த நிலமே அலையிடமிருந்து பிடுங்கியது. கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணி ஏறும்போது மூடி வத்தும்போது திறக்கிற மதகு வைத்துத்தான் மரம் நட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்குக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும் என்பது மணிக்கூண்டு மாதிரி. எங்க அண்ணன் இன்றைக்கும் அமாவாசை பார்த்துத்தான் தூண்டில் எடுக்கிறார்.

தலைக்குள் இருந்த வரைபடம்

எழுதாதவர்களிடம் வரைபடம் இல்லை என்று நினைப்பது பெரிய தப்பு. குமரி மாவட்டக் கடற்கரையில் கணிச்சம் என்ற முறை உண்டு. கடலில் இருந்தபடி கரையில் இரண்டு அடையாளங்களை, ஒரு கோயில் கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு மலையையும், ஒரே கோட்டில் வரும்படி பார்க்கவேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் மீன் இருக்கும் பார், அதாவது கடலடிப் பாறை. அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வான். ஜிபிஎஸ் செய்வதும் அடிப்படையில் இதைத்தான். கோபுரத்துக்கும் மலைக்கும் பதில் செயற்கைக்கோள்கள், கோட்டுக்குப் பதில் தூரம்.

சோனாருக்கும் அப்படி ஒரு முன்னோடி மலாயாவிலேயே இருந்தது. மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த் 1939-40ல் கிளந்தான் கடற்கரையில் தங்கி எழுதிய ஆய்வு 1946ல் நூலாக வந்தது. அதில் ஜூரு செலாம் என்ற ஆளைப் பற்றி எழுதுகிறார். வலைக்கூட்டத்தின் தலைவர் அவர். கடலில் இறங்கித் தலையை முக்கிக் காது கொடுத்துக் கேட்பார். எந்த மீன், எவ்வளவு கூட்டம், எந்தப் பக்கம் என்று சத்தத்திலேயே சொல்வார். இது கதை இல்லை. நம் சந்தையில் கெலாமா என்று விற்கிற மீன் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து முரசு மாதிரி ஒலி எழுப்பும். இன்றைய சோனார் திரையில் மீனாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்தக் காற்றுப்பையில் மோதித் திரும்புகிற எதிரொலிதான். அவர் மீன் பேசியதைக் கேட்டார், மிஷின் தானே கத்திவிட்டு எதிரொலியைக் கேட்கிறது.

மிஷின் வந்த வழி

1912ல் டைட்டானிக் மூழ்கியது. பனிப்பாறையை ஒலியால் கண்டுபிடிக்க முடியுமா என்று முயன்ற ஜெர்மானியர் அலெக்சாண்டர் பேம் 1913ல் காப்புரிமை வாங்கினார். பனிப்பாறைக்கு அது சரிப்படவில்லை, கடல் தரைக்குச் சரிப்பட்டது. கடல்நீரில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். மூன்று மீட்டர் ஆழத்தில் போய்த் திரும்ப 4 மில்லிநொடி போதும். ஜப்பானில், நாகசாகி பக்கத்தில், படகுகளுக்கு மின்வேலை செய்துகொண்டிருந்த ஃபுருனோ சகோதரர்கள் போரில் மிஞ்சிய ராணுவ ஆழமானிகளை எடுத்துத் திருத்தி, 1948ல் உலகின் முதல் வணிக மீன்காட்டியைக் கொண்டுவந்தார்கள். குமிழி வருகிற இடத்தில் மீன் இருக்கும் என்று ஒரு மீனவர் சொன்னதுதான் அவர்களுக்குப் பொறி. இங்கேயும் சொன்னவர் மீனவர், பெயர் நிறுவனத்துக்கு.

ஜிபிஎஸ் முழுக்க ராணுவத்தின் பிள்ளை. 1983 செப்டம்பர் 1ல் வழிதவறிய கொரிய விமானத்தைச் சோவியத் சுட்டு வீழ்த்தியது, 269 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் பொதுமக்களுக்கும் ஜிபிஎஸ் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கொடுத்தாலும் முழுசாகக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே பிழை கலந்தார்கள். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே 2, மலேசிய நேரம் நண்பகல் 12 மணிக்கு அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். சின்னப் படகுக்காரன் தன் இடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ள வாஷிங்டனில் ஒரு ஸ்விட்ச் அணையவேண்டியிருந்தது.

நீரிணையின் ஆழமும் அப்படித்தான் திரும்ப அளக்கப்பட்டது. எண்ணெய்க் கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக, 1969ல் ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் நாலும் சேர்ந்து அளவையைத் தொடங்கின. 1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானியக் கப்பல் சிங்கப்பூருக்கு அருகே தரைதட்டி எண்ணெய் கொட்டியது. 1981ல் ஒன் ஃபேதம் திட்டிலிருந்து தெற்கே போகவர ஒருவழிப் பாதைகள் நடைமுறைக்கு வந்தன. கவனம் எல்லாம் ஆழமான கப்பல்பாதைமேல். கரையை ஒட்டிய சேறு யாருக்கு வேண்டும்?

சேற்றில் எது உதவும்

எங்க அண்ணனுக்கு வேண்டும். கோலசிலாங்கூர் கடல் என்பது சேறுதான். ஆறு கொண்டுவந்து கொட்டுகிறது, அலை இடம் மாற்றுகிறது. கெராங் வளர்வதும் இந்தச் சேற்றில்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நாலு மீட்டர் வரை வித்தியாசம் வரும். சாசாரானுக்கு எதிரே கடலுக்குள் திட்டு வெளியே வந்து, வானம் தரையில் தெரிகிறது என்று ஊரே படமெடுப்பதும் அந்த நாட்களில்தான். காலையில் ஓட்டின இடத்தில் மத்தியானம் படகு உட்கார்ந்துவிடும்.

அதனால் நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். திரையில் வரைபடம் காட்டுகிற ஆழம், கடல் அடிமட்டத்துக்கு வத்தும்போது மிஞ்சுகிற ஆழம். சோனார் காட்டுவது இந்த நிமிஷத்து ஆழம், அதுவும் ஒலிவாங்கியின் முகத்திலிருந்து. இரண்டையும் குழப்பக்கூடாது. கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையம் வெளியிடும் அலை அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளணும். ஆழமில்லாத கடலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை நுணுக்கமாகக் காட்டும். ஆனால் குழம்பு மாதிரி இளகின சேற்றின் மேல்பரப்பையே அது தரை என்று சொல்லிவிடும். 50 பக்கத்துத் தாழ்ந்த அலை அதைத் துளைத்துக் கெட்டித் தரைக்குப் போகும். இரண்டும் இருந்தால் கொழுப்பு தடவின ஈயக்குண்டின் வேலை பாதி கிடைத்துவிடும். ஒலிவாங்கியைக் காற்றாடிக்குப் பக்கத்தில் மாட்டினால் குமிழி குறுக்கே வந்து திரை முழுக்கப் புகையாகும். வெயிலில் தெரிகிற திரை முக்கியம், பெரிய திரை முக்கியமில்லை.

பழைய காகித வரைபடத்திலிருந்து இடக்குறிப்பு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்தாவ் 1948 என்ற அடிப்படையில் வரைந்தவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. மாற்றாமல் அப்படியே போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் நிற்போம். குறுகலான ஆற்றுவாயில் அது அக்கரைக்கும் இக்கரைக்கும் உள்ள வித்தியாசம்.

ஜிபிஎஸ் நமக்கு இடம் சொல்லும், நாம் எங்கே என்று கரைக்குச் சொல்லாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் குமரிக் கடலோடிகள் போய்ச் சேர்ந்தபோது ஆழ்கடல் படகுகளில் ஜிபிஎஸ் இருந்தது. இடம் தெரிந்தும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 2019ல் இந்திய அரசு செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவியை வெளியிட்டது. அதுவும் வாங்குமே தவிர பேசாது. மிஷினில் மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு விஎச்எஃப் ரேடியோ வாங்குங்க என்றேன்.

எழுதி வைப்பவர் யார்

விலைப்பட்டியலில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு வரி இருக்கிறது: சொந்தமாக ஆழ வரைபடம் பதிவு செய்யும் வசதி. படகு போகிற வழியெல்லாம் ஆழத்தையும் இடத்தையும் மிஷின் சேர்த்து எழுதிக்கொண்டே போகும். பத்துப் பதினைந்து தடவை ஒரே ஆற்றுவாயில் போய்வந்தால், எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு வரைபடம் உங்களிடம் இருக்கும். ஈயக்குண்டு போட்டவனுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அளக்கிறவரே எழுதுகிறவர்.

ஆனால் அதே மிஷினில் இன்னொரு பொத்தானும் இருக்கும். பதிவை நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லும். உலகம் முழுக்கப் படகுக்காரர்கள் அனுப்புகிற சோனார் பதிவுகளை வைத்து வரைபடம் செய்யும் நேவியானிக்ஸை கார்மின் 2017ல் வாங்கியது. திரண்டு வருகிற வரைபடம் நல்ல வரைபடம், பலபேர் உயிரைக் காக்கும். அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் நம்மிடம் ஒரு பிரதி இருக்கணும், வேறு மிஷினிலும் திறக்கும்படி வெளியே எடுக்கும் வசதி இருக்கணும் என்கிறேன். குறித்துவைத்த இடங்களையும் போன தடத்தையும் ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுக்கமுடிகிற, ஆழப் பதிவை அட்டையில் சேமிக்கிற மிஷின் ஒரு படி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அதைத்தான் எடுக்கணும். கணிச்சம் அப்பனோடு செத்துப்போவதும் ஒரு இழப்பு, நம் எண்களை நாமே திரும்ப விலைக்கு வாங்குவதும் ஒரு இழப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும்.

பேட்டரி செத்தாலும், அட்டை கெட்டாலும் நிற்கிற ஒரு கருவியும் உண்டு. அம்பது காசு பென்சிலும் ஒரு நோட்டும். தேதி, பிறைநாள், மணி, தண்ணி ஏறுதா வத்துதா, ஆழம், நங்கூரத்தில் ஒட்டி வந்தது சேறா மணலா. அந்தத் திட்டுக்கு நாம் என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். கீழே எழுதினவர் பெயர்.